கடல் கிழக்கே, வயல் மேற்கே: கல்முனைக் கரையோரத்தைப் பார்க்கும் வழிகள்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் அநேகமாக அறுகம்பைக்குத்தான் வருகிறார். மட்டக்களப்போடு ரயில் பாதை முடிந்துவிடும். அங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். பிறகு தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி. கடைசியில் பொத்துவில், அதையடுத்து அறுகம்பை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர். இடையில் பஸ் மாறவும் தேநீர் குடிக்கவும் பயணி இறங்குவார். ஊர் பார்க்க இறங்குவதில்லை.

இந்த ஊர்கள் பார்ப்பதற்கு உரியவைதானா? இதுவரை யார் யார், எதற்காக இவற்றைப் பார்த்தார்கள்? எதைப் பார்க்காமல் விட்டார்கள்? இம்மூன்று கேள்விகளையும் சேர்த்து ஆராய்கிறது இக்கட்டுரை. இதன் வாதம் இதுதான்: நெடுஞ்சாலை வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது, இங்குள்ளவர்களின் வாழ்க்கை கிழக்கிலிருந்து மேற்காக, கடலிலிருந்து வயலுக்குப் போகிறது. சாலையோடு போகிறவருக்குக் கடைத்தெருவும் பள்ளிவாசல் மினாராக்களும் மட்டுமே தெரிவதற்கு அதுவே காரணம்.

சுற்றுலாவுக்கு முன் வந்தவர்கள்

சுற்றுலாத் துறை என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே இக்கரைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் இன்றும் இவ்வழியாகத்தான் நடக்கிறார்கள். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தில் தங்கி, பொத்துவில், பாணமை கடந்து உகந்தை முருகனிடம் சேர்வார்கள். பிறகு குமணக் காட்டுக்குள் இறங்குவார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்புக்கும், காரைதீவுக் கண்ணகை அம்மன் சடங்குக்கும் அயலூர்கள் திரளும். காரைதீவு விபுலானந்த அடிகள் (1892–1947) பிறந்த ஊர் என்பதால், அவருடைய யாழ் நூலை அறிந்தவர்களுக்கு அதுவும் ஒரு யாத்திரைத் தலமே.

முஸ்லிம்களுக்குக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நடக்கிறது. அவருடைய உடல் அடக்கமாகியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில்; கல்முனைக்குடியில் இருப்பது நினைவிடம். கொடி ஏறும் பன்னிரண்டு நாளும் கடற்கரை மணலில் கடைகள் முளைக்கும், மௌலிது ஓதப்படும், கந்தூரி நடக்கும். இப்படிப்பட்ட சடங்குகளை மார்க்கத்துக்குப் புறம்பானவை என்று மறுக்கும் குரல் கடந்த சில பத்தாண்டுகளில் ஊருக்குள்ளேயே வலுத்திருக்கிறது. ஆயினும் கொடி ஏறாமல் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் எந்த அழைப்பும் இல்லாமல் வந்து கலந்துகொள்ளக்கூடிய நிகழ்வு இக்கரையில் வேறு அதிகம் இல்லை.

அலைக்காக வருகிறவர்கள்

இரண்டாவது பார்வை அலைச்சறுக்குக்காரருடையது. ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை அறுகம்பை முனையைச் சுற்றி வளைந்து வரும் அலை உலகப் பெயர் பெற்றது. உல்லை என்று ஊரார் அழைக்கும் சிறிய கடற்கரைக் கிராமம் அந்தப் பெயரின் மேல்தான் விடுதிகளின் தெருவாக மாறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அத்தெருவைத் துடைத்தெறிந்த பின், அரசு அறுகம்பைக்கென ஒரு வள அபிவிருத்தித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கரையில் வாடி போட்டிருந்த மீனவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பெரிய விடுதிகளுக்கு இடம் ஒதுக்கும் திட்டம் அது என்று உள்ளூரார் எதிர்த்தார்கள். எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில், பேரழிவைச் சந்தையாக்கும் போக்குக்கு அறுகம்பையை ஓர் எடுத்துக்காட்டாக எழுதினார். தெற்கே பாணமையில் 2010இல் ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களிலிருந்து சிங்கள விவசாயக் குடும்பங்கள் விரட்டப்பட்டதும் கரை நிலத்தின் விலை கூடியதன் மறுபக்கம்தான். பறிபோவது யாருடைய காணி என்பதில் இனம் மட்டும் கணக்கில் வருவதில்லை.

அலைச் சுற்றுலா பொத்துவில் முஸ்லிம் இளைஞர்களுக்கு வேலை தந்தது. பலகை வாடகை, ஓட்டோ, உணவுக்கடை, களப்பில் தோணிச் சவாரி என்று வருமானம் பெருகியது. உடை, மது, இராக் கூத்து பற்றிய மனத்தாங்கலும் கூடவே வந்தது. 2024 ஒக்டோபரில், அறுகம்பைப் பகுதியில் தாக்குதல் நடக்கக்கூடும் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தபோது, ஒரே ஒரு கரையையும் ஒரே ஒரு பருவத்தையும் நம்பிய வருமானம் எவ்வளவு நொய்மையானது என்று எல்லோருக்கும் விளங்கியது. அறுகம்பையை எழுபது கிலோமீற்றர் வடக்கே அப்படியே பெயர்த்து வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அழிவைப் பார்க்க வந்தவர்கள்

மூன்றாவது பார்வை ஆழிப்பேரலையோடு வந்தது. இலங்கையில் அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று கடலோர வரிசை வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. அதன்பின் சில ஆண்டுகளுக்குக் கல்முனை உலகமே வந்துபோன ஊர். எந்தச் சந்தியிலும் தொண்டு நிறுவனப் பெயர்ப்பலகை. சாய்ந்தமருதில் வெனிசுவேலாவின் பெயரை நினைவூட்டும் பொலிவேரியன் கிராமம் எழுந்தது. அக்கரைப்பற்றுக்கு மேற்கே நுரைச்சோலையில் சவூதி அரசு ஐந்நூறு வீடுகள் கட்டிக்கொடுத்தது. அவை முஸ்லிம்களுக்கு மட்டும் போகக்கூடாது என்று வழக்குப் போடப்பட்டது. மாவட்ட இனவிகிதப்படி பகிர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் காடு மூடிக் கிடந்தன.

கட்டிடம் கட்டுவது ஏன் இவ்வளவு சிக்கலாயிற்று என்பதற்கு இனப் பகையை மட்டும் காரணம் சொன்னால் போதாது. இக்கரையின் முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடிமுறை உடையவர்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்தே கலியாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சிறிதாய் ஒன்று கட்டி ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. 1969இல் அக்கரைப்பற்றில் களஆய்வு தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த அமைப்பை 2008இல் வந்த தம் பெருநூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்ததும் இதே அமைப்பின் நீட்சி. ஒழுங்கைகள் ஏன் ஆளுக்கு ஆள் உரசும் அளவு குறுகியவை, அக்கா தங்கைமார் ஏன் ஒரே வளவில் இருக்கிறார்கள், கரையோரத்தில் ஏன் தலைமுறைக்குத் தலைமுறை நெருக்கம் கூடுகிறது என்பவையெல்லாம் இதில் விளங்கும்.

கிழக்கில் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்தபோது அது பெண்களின் சீதனச் சொத்தின் மேல் விழுந்த கோடு. பிறகு தூரம் குறைக்கப்பட்டது. மாற்று வீடுகளின் உறுதி குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரில் எழுதப்பட்டபோது, உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த சங்கிலி பல வீடுகளில் அறுந்தது. அழிவைப் பார்க்க வந்தவர்கள் இடிந்த சுவரைப் படம் பிடித்தார்கள். அந்தச் சுவர் யாருக்குச் சொந்தம் என்று கேட்டவர்கள் ஆய்வாளர்கள் சிலர் மட்டுமே.

ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து, 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் நடந்த வெடிப்பு ஊரின் பெயரை மீண்டும் உலகச் செய்தியாக்கியது. சந்தேகத்துக்குரியவர்கள் குடிவந்திருப்பதை அறிந்து தகவல் சொன்னவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள் என்ற மறுபாதி பல தலைப்புகளில் இடம்பெறவில்லை.

வயலுக்குப் போகும் பாதை

இந்த மூன்று பார்வைகளும் கடற்பக்கம் நிற்கின்றன. கல்முனைச் சந்தியில் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடந்தால், வீடுகள் சீக்கிரமே முடிந்து கரவாகு வட்டை தொடங்கிவிடும். மாரி காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. நடுவே நீர் மின்னும் களப்பு. அதன் குறுக்கே நாவிதன்வெளிப் பக்கம் போகும் கிட்டங்கித் தாம்போதி. காரைதீவிலிருந்து மேற்கே மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் சாலை நெற்காணிகளை ஊடறுத்தே போகிறது. அக்கரைப்பற்றிலிருந்து மேற்கே போனால் இறக்காமக் குளம். அதற்கும் அப்பால் மலை.

பழைய நிருவாகப் பிரிவுகள் இந்தக் குறுக்குவாட்டு வாழ்க்கையை அறிந்திருந்தன. கரவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று, சம்மாந்துறைப் பற்று, அக்கரைப்பற்று, பாணமைப் பற்று என்பவை கரையையும் உள்நிலத்தையும் பிணைத்த பெயர்கள். போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆளுகையிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் பேர்வரை இப்பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர்களும் அதற்கு முன்பே இங்கிருந்தவர்களும் வணிகரும் மீனவருமாக மட்டும் இருக்கவில்லை, ஏர் பிடித்தார்கள். இலங்கை முஸ்லிம் என்றால் வியாபாரி என்ற தென்னிலங்கைப் படிமம் சம்மாந்துறையில் செல்லாது. இங்கே வயல் உடைய போடியார் முஸ்லிம், அதில் வேலை செய்யும் முல்லைக்காரர் முஸ்லிம், தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையும் முஸ்லிம். சுபஹுத் தொழுகை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு மேற்கே போகிறவர்களின் வரிசை கரையோரத்து எந்த ஊரிலும் உண்டு. அறுவடை முடிந்ததும் நெல்லாகவே ஸகாத் அளக்கப்படும்.

இந்த வயல்களின் தண்ணீர் வரும் கதை ஒரு நாட்டின் கதை. பட்டிப்பளை ஆற்றை (சிங்களத்தில் கல்லோயா) இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தைக் கட்டும் வேலையை, 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபை எடுத்துக்கொண்டது. அணையைக் கட்டியது அமெரிக்கக் கம்பெனியான மொரிசன்–நுட்சன். மேல்வாய்க்கால் ஓரத்தில் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. கரையோரத் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் கடைவாய்க்கால்காரர் ஆனார்கள். 1956இல் கல்லோயாவில் தமிழர்மேல் நடந்த வன்முறை சுதந்திர இலங்கையின் முதல் இனக்கலவரங்களில் ஒன்று. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. தலைநகரம் வாய்க்காலின் மேல்பக்கத்துப் புதிய நகரத்தில் அமைந்தது. கல்முனையை மையமாக வைத்துக் கரையோர மாவட்டம் வேண்டும் என்ற முஸ்லிம்களின் கோரிக்கை அங்கிருந்துதான் வளர்ந்தது.

இதே வாய்க்கால் இன்னொரு பாடமும் தந்தது. 1981இலிருந்து கல்லோயா இடதுகரையில் விவசாயிகளை வாய்க்கால் வாரியாக அமைப்பாக்கும் முயற்சி நடந்தது. அதை ஆராய்ந்த நோர்மன் அப்ஹொப், மேல்வாய்க்கால்காரர் கடைவாய்க்கால்காரருக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்ததை 1992இல் வெளிவந்த நூலில் விவரித்தார். மேலே இருந்தவர்கள் சிங்களவர், கீழே இருந்தவர்களில் பலர் தமிழ் பேசுவோர். நீர்ப்பாசன ஆய்வில் உலகெங்கும் படிக்கப்படும் நூல் அது. அந்த வாய்க்காலைக் காட்டிச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

பயணிக்கு இதில் ஒரு நடைமுறை நன்மை உண்டு. அறுகம்பையில் அலை எழும் வறண்ட மாதங்களில்தான் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் சிறுபோகம் விளைகிறது. மே, ஜூன் மாதங்களில் சாலையின் கிழக்கே வெயிலில் காயும் மணல். மேற்கே இளம் பயிர். அதே காலம் கரைவலைக்கும் உகந்தது. காலையில் வலை இழுப்பதையும் மாலையில் வரம்பில் தண்ணீர் திருப்புவதையும் ஒரே நாளில் பார்க்கலாம். நடுவில் மருதமுனைத் தறிவீடுகளில் சாறனும் சேலையும் நெய்வதைப் பார்க்கலாம். நிந்தவூர்ப் பக்கம் சாலையோரத்தில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கலாம். எம்.ஏ. நுஃமான், நீலாவணன், மருதூர்க்கொத்தன், சோலைக்கிளி, அனார் என்று இவ்வளவு சிறிய கரைத்துண்டு இத்தனை எழுத்தாளர்களைத் தந்திருக்கிறது. அவர்களைப் படித்துவிட்டு வருகிறவருக்கு வழிகாட்டி நூல் தேவைப்படாது.

சுவீடனில் ஒரு மூலை

கரையையும் வயலையும் சேர்த்துக் காட்டும் ஊர்கள் உலகில் உண்டு. சுவீடனின் தென்கிழக்கு மூலையில் பால்டிக் கரையோரச் சிற்றூர் சிம்ரிஸ்ஹாம்ன். மால்மோவிலிருந்து வரும் ரயில் அங்கேயே முடிகிறது. மீன்பிடித் துறைமுகம், தாழ்ந்த பழைய வீடுகள், கல் பாவிய தெரு. ஊஸ்தர்லேன் என்ற சுற்றுப்புறத்தில் கிவிக் ஊரின் ஆப்பிள் தோட்டங்கள், கோதுமை வயல்கள், கடற்குன்றின் மேல் கப்பல் வடிவில் நட்ட ஐம்பத்தொன்பது கற்கள். வருகிறவர் துறைமுகத்தில் மீன் தின்று, தோட்டத்தில் ஆப்பிள் வாங்கி, குன்றில் நடக்கிறார். ஊரும் நாட்டுப்புறமும் ஒரே பயணம்.

அதற்குப் பின்னால் இரண்டு சட்ட ஏற்பாடுகள் உள்ளன. பிறருடைய காணியானாலும் பயிரை மிதிக்காமல், வீட்டு முற்றத்தில் நுழையாமல் எவரும் நடந்து போகலாம் என்ற உரிமை சுவீடனின் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. கரையிலிருந்து பொதுவாக நூறு மீற்றர்வரை கட்டிடம் எழுப்பத் தடை. கரை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கல்முனையிலும் மீற்றர் அளந்துதான் கோடு போட்டார்கள். சுவீடனில் கோடு நெடுங்காலச் சட்டமாக, விலக்குகளோடு, உள்ளூராட்சியின் கையில் இருக்கிறது. இங்கே பேரழிவை அடுத்துக் கொழும்பிலிருந்து வந்தது. ஏழைகளின் வீட்டுக்கு ஒரு கண்டிப்பும் விடுதிகளுக்கு இன்னொரு தளர்வும் காட்டியது என்ற குற்றச்சாட்டையும் சேர்த்துக்கொண்டது.

சுவீடனை அப்படியே பின்பற்ற முடியாது. அந்நாட்டுக் கரைச் சிற்றூர்களின் கவலை கோடையில் மட்டும் திறக்கும் வீடுகள் பெருகி, குளிர்காலத்தில் தெரு வெறிச்சோடுவது. சாய்ந்தமருதின் கவலை நேர்மாறானது. மகளுக்கு வீடு கட்ட ஒரு துண்டு நிலமில்லை. ஆகவே கரையில் விடுதி கட்டுவது இங்கே தவறான தொடக்கம்.

தடைகள்

வயல்வழிப் பயணத்தை முன்வைக்கும்போது அங்கே உள்ள சிக்கல்களை மறைக்கக்கூடாது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. முஸ்லிம் அரசியல் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவு அது என்று கரை முழுதும் பேசுவார்கள். துறைமுக வாயை மணல் அடைத்தது. அலைதடுப்புக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது. மாளிகைக்காட்டு மையவாடியின் மதிலையும் கடல் எடுத்தது. உள்ளே, அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டில் ஒன்பது ஊர்களின் குப்பை கொட்டப்படுகிறது. அதில் பிளாஸ்ரிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. யானைகள் அறுவடை வயலில் இறங்குகின்றன. அவற்றை வயலுக்கு இழுத்ததில் கரையோர நகரங்களின் குப்பைக்கும் பங்குண்டு. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரப் பெட்டி கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் மாண்டார்கள். கரையையும் வயலையும் இணைக்கும் சாலை ஒவ்வொரு மாரியிலும் நீருக்குள் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உறவுச் சிக்கல்களும் உண்டு. தீகவாபிப் பௌத்தத் தூபியைச் சுற்றி முஸ்லிம்களின் காணி. வழிபாட்டுத் தலத்தின் எல்லை எது, விவசாயியின் எல்லை எது என்ற வழக்கு ஓயவில்லை. பொத்துவில் முகுது மகா விகாரையிலும் இறக்காமத்து மாயக்கல்லி மலையிலும் இதே கேள்வி. வட்டமடுவில் தமிழ்ப் பண்ணையாளரின் மேய்ச்சல் தரையும் முஸ்லிம் விவசாயியின் வயலும் மோதுகின்றன. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் தரமுயர வேண்டும் என்று தமிழர் கேட்கிறார்கள்; சாய்ந்தமருது தனி நகரசபை கேட்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் தூபியை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் ஒரு தரப்பு, பள்ளிவாசலை மட்டும் பார்த்தால் இன்னொரு தரப்பு. வாய்க்காலைத் தொடர்ந்து போகிறவருக்கு சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற மூன்று தரப்பும் ஒரே தண்ணீருக்குக் காத்திருப்பது தெரியும். அது சமாதானம் அல்ல. ஆனால் பிணக்கு எங்கே இருக்கிறது என்பதையாவது சரியாகக் காட்டும்.

முடிவாக

இக்கரைக்குப் புதிய விடுதிகளைவிட முதலில் வேண்டியவை சிறியவை. மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் வெள்ளத்துக்கு மேலே நிற்கும் பாதை. பள்ளக்காட்டுக்குப் போகாத குப்பை. மருதமுனையில் தறிவீடுகளைத் திறந்து காட்டும் ஒழுங்கு. வாய்க்காலின் வரலாறு சொல்லும் மூன்று மொழிப் பலகைகள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்க்காரராக நின்று வழிகாட்டும் ஏற்பாடு. முதல் இரண்டும் பயணிகள் ஒருவரும் வராவிட்டாலும் ஊருக்குத் தேவை. இங்கே எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும் எடைபோட அதுவே நல்ல உரைகல்: பயணி வராத ஆண்டிலும் அது கடைவாய்க்கால் விவசாயிக்கும் கரைவலைக்காரருக்கும் பயன்படுமா? படும் என்றால் செய்யலாம். படாது என்றால், அது எழுபது கிலோமீற்றரையும் தாண்டி அலையைத் தேடி ஓடும் பழைய பாதையின் இன்னொரு தரிப்பிடம் மட்டுமே.